ஒரு பாறை... ஒரு கேட்... 823 ஓட்டு!

ரயிலுக்காக கேட் போட்டு நிற்க வைப்பதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். வண்டியை அணைத்துவிட்டு, கூடையில் வரும் கொய்யாப்பழத்துக்கு விலை கேட்டுக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து ரயில் வருகிறது என்று எட்டிப் பார்த்தபடி நிற்போம். விமானத்துக்காக கேட் போடுகிற ஊரும் உலகத்தில் உண்டு. அதன் பெயர் ஜிப்ரால்டர்.

ஐரோப்பாவின் தென்கோடியில், ஸ்பெயினின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை அது. மொத்தப் பரப்பளவே 6.8 சதுர கிலோமீட்டர்தான். காலை டிபனை முடித்துவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். இவ்வளவு சின்ன இடத்தில் விமான நிலையத்துக்கு எங்கே போவது? கடலுக்குள் கொஞ்சம் கல்லையும் மண்ணையும் கொட்டி நீட்டி, ஊருக்கு வரும் சாலைக்குக் குறுக்காகவே ஓடுபாதையைப் போட்டுவிட்டார்கள்.

விமானம் வரும் நேரத்தில் தடுப்பு இறங்கும். கார், ஸ்கூட்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பாட்டிமார்கள் என எல்லோரும் நிற்பார்கள். விமானம் அவர்கள் முன்னால் உறுமிக்கொண்டு ஓடி நின்றதும் தடுப்பு தூக்கப்படும், ஊர் நகரும். 2023 மார்ச் மாதக் கடைசியில் வாகனங்களுக்கு ஒரு சுரங்கப்பாதையைத் திறந்துவிட்டார்கள். ஆனால், நடந்து போகிறவர்கள் இப்போதும் ஓடுபாதையின் மேலேயே நடந்து கடக்கிறார்கள்.

ஓடுபாதையைத் தாண்டினால் நாடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஸ்பெயின். ஊரின் பெயர் லா லீனியா. இடையில் ஒரு வேலியும் ஒரு கேட்டும். இந்த கேட்டின் கதை தெரியாமல் ஜிப்ரால்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால், கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு சாமியைப் பார்க்காமல் திரும்பிய மாதிரி.

யாருடைய பாறை?

கி.பி. 711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து படையோடு வந்து இறங்கிய தாரிக் இப்னு ஸியாதின் பெயரால் இது ‘ஜபல் தாரிக்’ ஆனது. தாரிக்கின் மலை என்று அர்த்தம். அந்த அரபுப் பெயர்தான் ஐரோப்பிய வாய்களில் உருண்டு ‘ஜிப்ரால்டர்’ ஆகிவிட்டது. 15-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசர்களிடம் வந்தது. 1704-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் சேர்ந்து வந்த கடற்படை அதைப் பிடித்தது. அங்கே வாழ்ந்த ஸ்பெயின் குடும்பங்களில் பெரும்பாலானவை மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து மலைகளுக்குப் போய்விட்டன.

1713-ல் உட்ரெக்ட் உடன்படிக்கையில் ஸ்பெயின் இந்தப் பாறையை பிரிட்டனுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தது. பிரிட்டன் எப்போதாவது இதை விற்கவோ, வேறு யாருக்கும் தரவோ நினைத்தால், முதலில் ஸ்பெயினைத்தான் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பங்காளி நிலத் தகராறைப் பார்த்தவர்களுக்கு இந்த ஷரத்து சட்டென்று புரியும். 300 வருடத்துக்கு முந்தைய அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘கோட்டையையும் ஊரையும் துறைமுகத்தையும்தான் கொடுத்தோம். விமான நிலையம் இருக்கிற மணல்திட்டைக் கொடுக்கவே இல்லை’ என்பது ஸ்பெயினின் கட்சி. ‘இத்தனை காலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறதே’ என்பது பிரிட்டனின் கட்சி.

அதே உடன்படிக்கையில், யூதர்களும் மூர்களும் அங்கே குடியிருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது. எழுதிய மை காய்ந்த சில வருடங்களிலேயே இருவரும் வந்து கடை போட்டுவிட்டார்கள். வியாபாரத்தைத் தாளால் தடுக்க முடிந்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

வாங்க, உள்ளே போகலாம்

முக்கியக் கடைவீதியின் பெயரே ‘மெயின் ஸ்ட்ரீட்’தான். சிவப்பு டெலிபோன் கூண்டு, லண்டன் பாணித் தொப்பி போட்ட போலீஸ்காரர், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை என்று பார்த்தால் இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரைப் பெயர்த்துக்கொண்டு வந்து வெயிலில் காயப்போட்ட மாதிரி இருக்கும். காது கொடுத்துக் கேட்டால்தான் குழப்பம். கடைக்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஸ்பானிஷில் முடிப்பார். பதில் சொல்பவர் ஸ்பானிஷில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார். இந்தக் கலவைக்கு ‘யானிட்டோ’ என்று பெயர். இத்தாலியின் ஜெனோவா பேச்சிலிருந்தும் ஹீப்ருவிலிருந்தும் சில சொற்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

காரணம், அங்கு இருப்பவர்கள் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஜெனோவா மீனவர்கள், மால்டாக்காரர்கள், போர்த்துக்கீசியர்கள், மொராக்கோ யூதர்கள், ஆங்கிலேயச் சிப்பாய்கள், ஸ்பெயினிலிருந்து திருமணமாகி வந்த பெண்கள். நம் நாட்டுப் பங்கும் உண்டு. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் சிந்து மாகாணத்திலிருந்து கப்பல் பாதையைப் பிடித்துக்கொண்டு போன சிந்தி வணிகர்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் இந்துக் கோயில் ஒன்றும் இருக்கிறது.

பசிக்கிறதா? ‘கலென்டீட்டா’ கேளுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் மிளகுத்தூளும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். மேலே மொறுமொறு, உள்ளே மெத். ‘சுடச்சுட’ என்பதுதான் பெயரின் அர்த்தம். அந்தக் காலத்தில் தெருவில் தூக்கிக்கொண்டு போய்க் கூவி விற்றவர்களின் குரலே பெயராக நிலைத்துவிட்டது. ஜெனோவாவிலிருந்து வந்த பலகாரம். நம்மவர்கள் சாப்பிட்டால் ‘கொஞ்சம் பச்சை மிளகாய் போட்டிருக்கலாம்’ என்பார்கள், அது வேறு விஷயம்.

தண்ணீர்க் கதையும் சுவாரஸ்யமானது. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பாறையின் கிழக்குச் சரிவில் பெரிய பெரிய தகடுகளைப் பதித்து, அதில் விழும் மழைநீரை வழித்து மலைக்குள் குடைந்த தொட்டிகளில் சேர்த்துத்தான் பல காலம் குடித்தார்கள். இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். கழிப்பறைக்கு நேரடியாகக் கடல்நீர். மலைக்கு உள்ளே ராணுவம் குடைந்த சுரங்கங்களின் நீளம் 50 கிலோமீட்டருக்கு மேல். வெளியே இருக்கும் சாலைகளைவிட உள்ளே இருக்கும் பாதை அதிகம்.

மேலே ஏறினால் குரங்குகள். ஐரோப்பாவில் சுதந்திரமாகத் திரியும் ஒரே குரங்குக் கூட்டம் இதுதான். வாலில்லாத பார்பரி மக்காக் இனம். ‘இந்தக் குரங்குகள் போய்விட்டால் பிரிட்டிஷ்காரர்களும் போய்விடுவார்கள்’ என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது எண்ணிக்கை குறைந்ததைக் கேள்விப்பட்டு, பிரதமர் சர்ச்சிலே தலையிட்டு ஆப்பிரிக்காவிலிருந்து புதிய குரங்குகளைக் கொண்டுவரச் சொன்னார். ஹிட்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு நடுவில் இந்த வேலையும் இருந்திருக்கிறது! பல காலம் ராணுவம்தான் குரங்குகளுக்குப் பெயர் வைத்து, பதிவேடு போட்டு வளர்த்தது. உடம்பு சரியில்லாவிட்டால் கடற்படை ஆஸ்பத்திரியில் வைத்தியம்.

உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், இன்னொரு பக்கம் அட்லான்டிக்கை நோக்கிப் போகும் நீர்ச்சந்தி, எதிரே ஆப்பிரிக்கா. தெளிவான நாளில் மொராக்கோவின் மலைகள் தெரியும். அந்தக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான சியூட்டா என்ற ஊர் இருக்கிறது. ஜிப்ரால்டரைத் திருப்பிக் கொடு என்று பிரிட்டனிடம் ஸ்பெயின் கேட்கிறது. சியூட்டாவைத் திருப்பிக் கொடு என்று ஸ்பெயினிடம் மொராக்கோ கேட்கிறது. இரண்டு வழக்குக்கும் ஸ்பெயின் சொல்லும் நியாயம் வேறு வேறு.

கேட் பூட்டிய ராத்திரி

1967 செப்டம்பர் 10 அன்று முதல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. கேள்வி எளிது. ஸ்பெயினோடு போகிறீர்களா, பிரிட்டனோடு இருக்கிறீர்களா? பிரிட்டனோடு என்றவர்கள் 12,138 பேர். ஸ்பெயினோடு என்றவர்கள் 44 பேர். அந்த 44 பேர் யார் யார் என்று அவ்வளவு சின்ன ஊர் எத்தனை நாள் பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அப்போது ஸ்பெயினை ஆண்டவர் சர்வாதிகாரி பிராங்கோ. பொறுப்பாரா? 1969 ஜூன் 8-ம் தேதி இரவு எல்லை கேட்டை இழுத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். படகுப் போக்குவரத்தும் நின்றது. பிறகு டெலிபோன் கம்பியும் துண்டிக்கப்பட்டது.

அன்றுவரை லா லீனியாவிலிருந்து தினமும் ஏறத்தாழ 4,800 பேர் பாறைக்கு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கப்பல் பட்டறையில், ஹோட்டல்களில், வீடுகளில். ஒரே ராத்திரியில் அத்தனை பேருக்கும் வேலை போனது. தண்டனை ஜிப்ரால்டருக்கு என்று நினைத்துப் பூட்டிய கேட், முதலில் பட்டினி போட்டது பூட்டியவரின் சொந்த மக்களைத்தான். லா லீனியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு தேடி வேறு ஊர்களுக்குப் போனார்கள். இந்தப் பக்கம், காலியான வேலைகளுக்கு மொராக்கோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இரண்டு ஊருக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை காலங்காலமாக உண்டு. அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். அம்மா அங்கே, மகள் இங்கே. கேட் பூட்டியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பக்கத்து வேலியோரமும் கூட்டம் சேர ஆரம்பித்தது. நடுவில் ஆளில்லாத நிலம். கையைக் குவித்து வைத்துக்கொண்டு கத்திப் பேசுவார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் காற்றில்தான் போக வேண்டும். புதிதாகப் பிறந்த குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். கிழக்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் அந்தக் குரலும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

நேரில் பார்க்க வேண்டுமா? ஜிப்ரால்டரிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் டான்ஜியருக்குப் போய், அங்கிருந்து வேறு கப்பலில் ஸ்பெயினின் அல்ஹெசிராஸுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து லா லீனியா போக வேண்டும். நடந்தால் சில நிமிட தூரம். சாவுக்குப் போகிறவர்கள் இன்னொரு கண்டத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது.

இது ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. பிராங்கோ 1975-ல் இறந்தார். கேட் திறக்கவில்லை. ஸ்பெயினில் ஜனநாயகம் வந்தது. கேட் திறக்கவில்லை. 1982 டிசம்பர் 15 அன்றுதான் நடந்து போகிறவர்களுக்காகத் திறந்தார்கள். 13 வருடம். தூக்கிக் காட்டப்பட்ட குழந்தைகள் அதற்குள் ஹைஸ்கூலுக்குப் போயிருப்பார்கள். வண்டிகளும் சரக்கும் போக 1985 பிப்ரவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1985-ல் ஏன் முழுசாகத் திறந்தார்கள்? அங்கேதான் ஐரோப்பா வருகிறது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் என்று சொல்கிற அமைப்பில் அப்போது ஸ்பெயின் சேர ஆசைப்பட்டது. பிரிட்டனும், அதோடு ஜிப்ரால்டரும் 1973-லேயே உள்ளே போய்விட்டன. உள்ளே இருக்கும் ஒருவரின் வாசலைப் பூட்டி வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி உள்ளே வர முடியும்? பூட்டு கழன்றது. 1986 ஜனவரி 1-ல் ஸ்பெயின் உறுப்பினரானது.

ஐரோப்பிய ஒன்றியம் என்றால் லண்டன்காரருக்கு வரி, சட்டம், குடியேற்றம், பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் என்று பலதும் நினைவுக்கு வரலாம். ஜிப்ரால்டர்காரருக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். கேட்டின் சாவி.

19,322-க்கு 823

2016 ஜூன் 23. பிரிட்டன் ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு. பிரிட்டனுக்குக் கடல் கடந்த ஆட்சிப் பகுதிகள் பல உண்டு. அவற்றில் இந்த ஓட்டில் கலந்துகொண்டது ஜிப்ரால்டர் மட்டும்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு பிரதமர் டேவிட் கேமரூன், ஒன்றியத்தில் இருப்போம் என்று பிரசாரம் செய்ய அங்கே வந்து இறங்கினார். இங்கிலாந்தில் ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி. தாக்கப்பட்ட செய்தி அதே நாளில் வந்தது. அவர் இறந்துபோனார். பிரதமர் கூட்டத்தை ரத்து செய்துவிட்டுத் திரும்பினார்.

ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 83-க்கும் மேல். இருப்போம் என்றவர்கள் 19,322. விலகுவோம் என்றவர்கள் 823. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 96 பேர் ஒரே பக்கம்! ஊர் சின்னது என்பதால் எண்ணிக்கை சீக்கிரம் முடிந்து, அந்த ராத்திரி முதலில் அறிவிக்கப்பட்ட முடிவும் இதுதான். கொஞ்ச நேரத்தில் சண்டர்லாந்து முடிவு வந்தது. விலகுவோம். அதன் பிறகு அப்படியே வரிசையாக. விடியும்போது கணக்கு தெளிவாகிவிட்டது. 1 கோடியே 74 லட்சம் பேர் விலகச் சொன்னார்கள், 1 கோடியே 61 லட்சம் பேர் இருக்கச் சொன்னார்கள். அந்தக் கடலில் 19,322 என்பது ஒரு கரண்டித் தண்ணீர்.

விலகச் சொன்னவர்களுக்கும் வாதம் இல்லாமல் இல்லை. நம் சட்டத்தை நாம்தான் இயற்ற வேண்டும், நம் ஓட்டில் வராத அதிகாரிகள் நம்மை ஆளக் கூடாது என்பது சுயமரியாதையுள்ள எந்த மக்களும் கேட்கக்கூடிய கேள்வி. ஜிப்ரால்டரிலேயே ஒன்றியத்தின் மேல் குறை சொல்ல இடம் இருந்தது. 2013-ல் கடலடியில் மீன்கள் பெருகட்டும் என்று ஜிப்ரால்டர் 70 சொச்சம் கான்கிரீட் கட்டைகளைப் போட்டது. எங்கள் மீனவர் வலை கிழிகிறது என்று ஸ்பெயினுக்குக் கோபம். எல்லையில் ஒவ்வொரு காரையும் திறந்து சோதிக்க ஆரம்பித்தார்கள். கோடை வெயிலில் மணிக்கணக்கில் வரிசை. இருவருமே ஒன்றியத்துக்குள் இருந்த காலம்தான் அது! ‘இந்த ஒன்றியம் என்னத்தைக் கிழித்தது?’ என்று யாராவது கேட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால், பஞ்சாயத்துக்கு ஓர் ஆள் இருந்தார். ஒன்றியம் தன் அதிகாரிகளை அனுப்பி எல்லையில் நிற்க வைத்துப் பார்த்தது. விலகிவிட்டால் அந்தப் பஞ்சாயத்துக்காரர் எதிர்க்கட்சிக்கு உறவினராகிவிடுவார். 96 சதவிகிதத்தின் கணக்கு அதுதான்.

ஸ்பெயினின் பக்கமும் கொஞ்சம் கேட்க வேண்டும். ஜிப்ரால்டரில் வரி குறைவு. சிகரெட் விலை குறைவு. அந்த சிகரெட் ராத்திரியோடு ராத்திரியாக லா லீனியா கரைக்குப் போவது ரகசியம் இல்லை. ஆன்லைன் சூதாட்டம், நிதி நிறுவனங்கள் என்று ஒரு பக்கம் பணம் புரள, வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினிலேயே வேலையின்மை மிக அதிகமுள்ள ஊர்களில் ஒன்று. அண்டை வீட்டில் தினமும் விருந்து நடந்தால் பொறாமை வராமல் இருக்குமா? அதே சமயம், அந்த விருந்தில் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். தினமும் சுமார் 15,000 பேர் எல்லை தாண்டி ஜிப்ரால்டருக்கு வேலைக்கு வருகிறார்கள். பாறையில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர்.

ஓட்டு முடிந்த மறுநாளே ஸ்பெயினின் வெளியுறவு அமைச்சர், பாறையில் எங்கள் கொடி பறக்கும் நாள் நெருங்கிவிட்டது என்கிற ரீதியில் பேசினார். 2017-ல் லண்டனில் ஒரு முன்னாள் கட்சித் தலைவர், பாக்லாந்து தீவுக்காக நாம் போருக்குப் போனது நினைவிருக்கட்டும் என்று பதில் கொடுத்தார். இரண்டு தலைநகரங்களிலும் பேச்சு சூடாக இருந்தது. எல்லையில் காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் வழக்கம்போல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஸ்பெயினோடே போயிருக்கலாமே? ஒன்றியமும் கிடைத்திருக்குமே? வெளியூர்க்காரர்கள் பலர் இப்படிக் கேட்டார்கள். ஜிப்ரால்டர்காரர்களுக்கு அந்தக் கேள்வியே புரியாது. 2002-ல் பிரிட்டனும் ஸ்பெயினும் சேர்ந்து உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளலாமா என்று அங்கே ஓட்டெடுத்தபோது, வேண்டாம் என்றவர்கள் 17,900 பேர், சரி என்றவர்கள் 187 பேர். 13 வருடம் வேலியோரம் நின்று கத்திய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு பிரிட்டனும் வேண்டும், ஐரோப்பாவும் வேண்டும். பிறந்த வீடும் வேண்டும், புகுந்த வீடும் வேண்டும் என்கிற பெண்ணிடம் ஏதாவது ஒன்றைச் சொல் என்று கேட்ட மாதிரிதான் 2016 அவர்களைக் கேட்டது.

முத்திரை குத்துவார்களா, மாட்டார்களா?

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. ஏற்பாடுகளுக்காகக் கொடுத்த அவகாசம் அந்த ஆண்டின் கடைசி நாளில் முடிந்தது. அன்றைக்குத்தான், மணி பன்னிரண்டு அடிக்கச் சில மணி நேரம் இருக்கும்போது, ஜிப்ரால்டர் விஷயத்தில் ஸ்பெயினும் பிரிட்டனும் கொள்கை அளவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்த கட்ட உடன்பாட்டை எட்ட நாலரை வருடம் ஆனது.

அந்த நாலரை வருடமும் ஊர் தொங்கலில் இருந்தது. சட்டப்படி பார்த்தால் ஜிப்ரால்டர்காரர் இனி ஒன்றியத்துக்கு வெளியாள். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும். 180 நாளில் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். தினமும் மாலையில் பேரக்குழந்தையைப் பார்க்க லா லீனியா போகும் தாத்தாவுக்கு மூன்று மாதத்தில் கோட்டா காலி! அதனால் உள்ளூர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்று விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் இல்லாத பெருந்தன்மை. பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு அதுவும் கிடையாது. சில காலைகளில் டியூட்டிக்கு வரும் ஓர் அதிகாரி ‘எல்லோருக்கும் முத்திரை குத்துவேன்’ என்று ஆரம்பித்துவிடுவார். உடனே இந்தப் பக்கத்துக்காரர்களும் ஸ்பெயின்காரர்களிடம் அதே கெடுபிடியைக் காட்டுவார்கள். வரிசை நீளும். இரண்டு பக்கமும் போன் பறக்கும். சிறிது நேரத்தில் எல்லாம் பழையபடி.

இதற்கு நடுவில் கொரோனா வந்தது. பிரிட்டன் அனுப்பிய தடுப்பூசியை முதலில் தன் மக்களுக்குப் போட்டு முடித்த ஜிப்ரால்டர், எல்லை தாண்டி வேலைக்கு வரும் ஸ்பெயின்காரர்களுக்கும் போட்டது. ஒப்பந்தம் எதுவும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்ப்பவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

2025 ஜூன் 11 அன்று ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஸ்பெயின், ஜிப்ரால்டர் நான்கும் உடன்பாட்டுக்கு வந்தன. சாரம் இதுதான்: தரை எல்லையில் ஆட்களுக்கும் சரக்குக்கும் இனி சோதனை இல்லை, வேலி வேண்டியதில்லை. சோதனையை விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நகர்த்திவிடுவார்கள். லண்டனிலிருந்து விமானத்தில் வந்து இறங்குபவரை முதலில் ஜிப்ரால்டர் அதிகாரி பார்ப்பார், அடுத்த மேஜையில் ஸ்பெயின் அதிகாரி பார்ப்பார். லண்டனில் பாரிஸ் ரயில் ஏறுமுன்பே பிரெஞ்சு போலீஸ் பாஸ்போர்ட் பார்ப்பதைப் போல. ஒன்றியத்தோடு சரக்கு வரியும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், இதுவரை விற்பனை வரியே இல்லாத ஊரில் 15 சதவிகிதத்தில் ஆரம்பிக்கும் புதிய வரி. கடைவீதிக்காரர்களுக்கு இது கசப்பு மருந்து. பாறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் தொடவில்லை. அவரவர் வாதம் அவரவரிடம் அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் ஜிப்ரால்டர் பாஸ்போர்ட் இல்லாப் பயணப் பகுதியான ஷெங்கனிலும் இல்லை, சுங்க ஒன்றியத்திலும் இல்லை. அப்போதும் கேட்டில் அட்டையைக் காட்டித்தான் போனார்கள். உள்ளே இருந்தபோது இல்லாத நெருக்கம், வெளியே வந்த பிறகு ஒப்பந்தத்தில் வந்திருக்கிறது. விலை இல்லாமல் அல்ல. 2004 முதல் ஜிப்ரால்டர்காரர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு வந்தார்கள். இனி அந்த ஓட்டு கிடையாது. விதிகள் அங்கே எழுதப்படும், இவர்கள் கடைப்பிடிப்பார்கள். ‘எங்கள் சட்டம் எங்கள் கையில்’ என்று சொல்லி விலகியவர்களின் விலகலால் நேர்ந்த இந்த நிலைமையை, விலகவே வேண்டாம் என்று சொன்ன 19,322 பேர்தான் தினமும் அனுபவிக்கப்போகிறார்கள். ஸ்பெயின் போலீஸ் எங்கள் விமான நிலையத்தில் நிற்பதா என்ற முணுமுணுப்பு ஊருக்குள் இருக்கிறது. பாறையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று லண்டனிலும் சிலர், பிரிட்டனிடம் தோற்றுவிட்டீர்கள் என்று மாட்ரிட்டிலும் சிலர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினால் ஒப்பந்தம் அவ்வளவு மோசமில்லை என்றே தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு...

செப்டம்பர் 10 ஜிப்ரால்டரின் தேசிய நாள். 1967-ல் ஓட்டுப் போட்ட அதே தேதி. ஊரே சிவப்பு, வெள்ளை உடையில் தெருவில் இருக்கும். கொடியில் இருக்கும் சிவப்புக் கோட்டையையும் தங்கச் சாவியையும் உற்றுப் பாருங்கள். அந்தச் சின்னத்தை 1502-ல் ஊருக்கு வழங்கியவர் ஸ்பெயினின் அரசி இஸபெல்லா. ஸ்பெயின் வேண்டாம் என்று கொண்டாடும் நாளில் அவர்கள் கையில் ஆடுவது ஒரு ஸ்பெயின் அரசி கொடுத்த சின்னம்.

பாறையில் ஹோட்டல் அறை வாடகை அதிகம். கையைக் கடிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் லா லீனியாவில் தங்கி, காலையில் வேலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து நடந்து வரலாம். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் உச்சியில் ஒரு மேகம் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கடற்கரையில் வெயில் அடிக்கும், ஊருக்குள் இருட்டாக இருக்கும். அன்றைக்கு மலை ஏறினால் ஆப்பிரிக்கா தெரியாது.

குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம் உண்டு. நீங்களாகப் போட வேண்டும் என்று அவை காத்திருப்பதும் இல்லை. ஜிப் திறக்கத் தெரியும். பையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் மலை ஏறும் முன்பே தின்று முடித்துவிடுங்கள்.